பெருக்கல் குறி போட்ட மூட்டை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகையில் மட்டும் இருந்தது. அதிலும் பாதியை வெயில் தின்றுவிட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். ஆபத்துக்கு மட்டும் தொட வேண்டியது. அவர் அதை மூச்சு விடுவதைப் போலப் பயன்படுத்தினார். முன்னால் சைக்கிள் வந்தால் மிதிப்பார். வரக்கூடும் என்று தோன்றினால் மிதிப்பார். வெகுநேரம் எதுவுமே வராவிட்டால், இவ்வளவு நேரம் வராதது இனிமேல் வரும் என்று மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் யாரும் விபத்தில் சிக்கியதில்லை என்பது அவருடைய பெருமை. அவர்களில் பலர் மூன்றாவது கியரைக் கண்ணால் கண்டதில்லை என்பதை அவர் அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்வதில்லை.

வீட்டிலும் அதே கால்தான். மின்விசிறி வாங்கலாம் என்று பேச்சை எடுத்தால், இறக்கையின் வளைவு, மோட்டாரின் சத்தம், பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம் எல்லாவற்றையும் விசாரித்து முடிப்பதற்குள் குளிர்காலம் வந்துவிடும். "பாத்தியா, அவசரப்பட்டிருந்தா வீணா ஒரு ஃபேன் வாங்கியிருப்போம்" என்பார்.

இந்த வீட்டையும் பள்ளியையும் நகர்த்திக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அவரை ஆபீஸ் அக்கா என்பார்கள். போனை எடுப்பதும், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வதும், சோதனையில் தோற்றவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் அவர் வேலை. இத்தனை பேருக்கு வண்டி ஓட்ட நேரம் ஒதுக்கிக்கொடுத்த அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதுதான் ஊர் அறிந்த செய்தி. புறவழிச் சாலைக்கு அப்பால் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் மாஸ்டரின் ஓய்வு நாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஓய்வு நாளில் மாஸ்டர் ஓய்வெடுப்பார்.

கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்தார். சில நாட்கள் அக்கா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள், காலியான சாலையில், வானத்தில் பறந்த ஒரு காகத்துக்காக மாஸ்டர் பிரேக் போட்டபோது, கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த அடுப்பு வந்தது.

அக்காவின் தம்பிக்கு ஊரின் மறுகோடியில் ஹார்டுவேர் கடை. மாஸ்டருக்கு மச்சான். வாங்குவார் இல்லாமல் கடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெல்லட் அடுப்பு, ஒரு நல்ல நாளில் அன்பாக மாறி, அக்கா வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. படுக்க வைத்த பீப்பாய் போல ஓர் உடம்பு, பக்கவாட்டில் மூடி போட்ட ஒரு தொட்டி. தொட்டியில் மரக் குச்சிகளைக் கொட்டிவிட்டு மின்சாரம் கொடுத்தால், அடியில் இருக்கும் திருகு ஒன்று சுற்றிச் சுற்றிக் குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். அந்த நெருப்பின் சூட்டிலும் புகையிலும் இறைச்சி மெதுவாக வேகும். மெதுவாக என்ற சொல்லைக் கேட்டதுமே மாஸ்டருக்கு அடுப்பு பிடித்துப்போயிற்று.

"எல்லாம் சரி மச்சான். இதுல போடுறது என்ன?"

"பெல்லட் மாமா. மரத்தூளை அழுத்திச் செய்யுறது. நம்ம கடையிலயே இருக்கு. மூட்டைய எடுத்தோமா, கொட்டினோமான்னு இருக்கலாம்."

மச்சான் செய்த பிழை அதுதான். எடுத்தோம் கொட்டினோம் என்று மாஸ்டரிடம் யாரும் சொல்லக் கூடாது.

மரம் அறுக்கும் இடத்தில் மிஞ்சும் தூளை உலர்த்தி, சிறு துளைகளின் வழியே பலமாக அழுத்திப் பிதுக்கினால், அந்தச் சூட்டில் மரத்திலிருக்கும் பசையே இளகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். வேறு பசை தேவையில்லை. அதுதான் பெல்லட். நல்லதா கெட்டதா என்று பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. மூட்டையின் அடியில் தூள் தேங்கியிருக்கக் கூடாது. குச்சியின் மேல் ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும். ஒடித்தால் சட்டென்று சத்தம் வர வேண்டும். பிசுபிசுவென்று உதிர்ந்தால் ஈரம் குடித்தது. மூட்டையின் மேல் எந்த மரம் என்று எழுதியிருக்க வேண்டும். முகர்ந்தால் மரம் மணக்க வேண்டும், சோப்புக் கடை மணக்கக் கூடாது. மணத்தை எண்ணெயாகத் தெளித்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பட்டை அதிகம் கலந்தால் சாம்பல் அதிகம். குளிர் காயும் அடுப்புக்கென்று விற்பதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, அதில் என்ன மரம் கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான். காய்கறி வாங்கத் தெரிந்தவர் ஒரு தேநீர் ஆறுவதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

மாஸ்டர் இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

முதல் தடவை கடைக்குப் போனபோது டயரின் தேய்மானத்தை அளக்கும் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி அள்ளி, ஒவ்வொரு குச்சியாக அளந்தார். அக்கா பக்கத்தில் நின்றார்.

"மாமா, இது அடுப்புல போடுற சாமான். பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களே," என்றார் மச்சான்.

"பொண்ணு பாக்கும்போது நான் இப்படிப் பாக்கல மச்சான்."

"எங்கப்பாவும் மாப்பிள்ளைய இப்படிப் பாக்கல. அதான் இங்க நிக்குறேன்," என்றார் அக்கா.

அந்த மூட்டையில் குறை சொல்ல எதுவுமில்லை. தூள் இல்லை, மினுமினுப்பு இருந்தது, ஒடித்தால் சத்தம் வந்தது. ஆனால் ஒரே ஒரு குச்சி மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. மாஸ்டர் அதைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?"

"உங்கள மாதிரி அதையும் வீட்டுல வெளிய போன்னு சொல்லியிருப்பாங்க மாமா. வந்துடுச்சு."

"சிரிக்காத மச்சான். ஒண்ணு நீளமா இருக்குன்னா, செய்யுற இடத்துல கத்தி சரியில்லன்னு அர்த்தம். கத்தி சரியில்லன்னா ஆளு சரியில்ல. ஆளு சரியில்லன்னா மரம் மட்டும் எப்படி சரியா இருக்கும்?"

கடையிலிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து மூட்டையின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். சோதனையில் தோற்றவர்களின் தாளில் போடும் அதே குறி. மச்சான் மூட்டையின் வாயைத் தைத்து, ஈரம் படாத மேல் அடுக்கில் ஏற்றி வைத்தார்.

பிறகு வந்த வாரங்களில் மாஸ்டர் பல மூட்டைகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் குறி விழுந்தது. ஒன்றில் கரும்புள்ளி. ஒன்றில் புள்ளியே இல்லை, அதனால் சந்தேகம். ஒரு மூட்டையை முகர்ந்துவிட்டு, "இதுல மணம் கம்மி" என்றார். அடுத்ததை முகர்ந்து, "இது எதுக்கு இவ்வளவு மணக்குது?" என்றார்.

"மாமா, இதே மாதிரி குச்சிய பூனைக்கு மண்ணுக்குப் பதிலா போடுறதுக்கும் வாங்கிட்டுப் போறாங்க. பூனை ஒரு தடவகூட திருப்பிக் கொண்டு வந்ததில்ல," என்றார் மச்சான்.

"பூனைக்கு என்ன, பொறுப்பா இருக்கு?"

முடிவில் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த மூட்டையும் முழுதாக நல்லதில்லை. ஆகவே மேல் அடுக்குக்கு ஏறிவிட்ட முதல் மூட்டை போக, மற்ற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நல்ல குச்சிகளை மட்டும் பொறுக்குவது. அக்காவின் அரிசி டிரம்முக்கு இறுக்கமான மூடி இருந்ததால், அரிசி வாளிக்குப் போயிற்று, பெல்லட் டிரம்முக்குள் வந்தது. கூடத்தில் செய்தித்தாளை விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கல் பொறுக்குவது போல மாலைதோறும் பொறுக்கினார். ஜன்னல் விளிம்பில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீரில் ஒரு குச்சி, எது எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதற்கு. தண்ணீர் குடிக்கும் முன் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பது அந்த வீட்டின் வழக்கமாயிற்று. அவர் முகர்ந்து பார்க்கும் வேளைகளில் அடுக்களையில் தாளிக்கக் கூடாது.

அந்த மாலை வேளைகளில்தான் அக்கா வண்டி ஓட்டப் பழகினார்.

தெருவுக்கு எதிர்ப்புறம் இன்னொரு பயிற்சிப் பள்ளி உண்டு. அதை நடத்துகிறவரை மாஸ்டர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை; எதிர்க்கடைக்காரன் என்பார். இருவருக்கும் தொழிலில் ஆகாது. எதிர்க்கடை மாஸ்டர், "ஒரு தடவ லேசா இடிச்சாதான் வண்டியோட அளவு தெரியும்" என்கிற கட்சி. அவர் பயிற்சித் திடலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி வைத்திருந்தார். அவரிடம் படித்த எல்லோரும் அதை ஒரு தடவை இடித்திருப்பார்கள். இரண்டாம் தடவை இடித்தவர்கள் குறைவு. கணவர் குச்சிகளோடு தரையில் உட்கார்ந்ததும், "தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று அக்கா கிளம்புவார். கணவர் தலை நிமிரமாட்டார். டிரம் பாதி நிறைவதற்குள் அக்கா கற்றுக்கொண்டார். முக்கால் நிறைவதற்குள் சோதனையில் தேறி, உரிமமும் வாங்கிவிட்டார். இது தம்பிக்குத் தெரியும். எதிர்க்கடை மாஸ்டருக்குத் தெரியும். மாஸ்டருக்கு மட்டும் தெரியாது.

சொல்லிவிடலாம் என்றுதான் அக்கா இருந்தார். இனி தங்கை வீட்டுக்கு அவர் நினைத்த நாளில் போகலாம், அதற்காகத்தானே கற்றது. ஆனால் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவரின் மனைவி எதிர்ப்பள்ளியில் கற்றாள் என்றால் அவர் முகம் என்னாகும்? மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாஸ்டர் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்து அறிவித்தார்:

"இந்த மாசம் சங்கத்து விருந்து நம்ம வீட்டுல. ஞாயித்துக்கிழமை. நம்ம அடுப்புலதான் சமையல்."

பயிற்சிப் பள்ளிக்காரர்கள் சங்கத்தில் மாதம் ஒருவர் வீட்டில் சாப்பாடு.

"யார் யாரு வராங்க?" என்று கேட்டார் அக்கா.

"எல்லாரும்தான். எதிர்க்கடைக்காரனும் வருவான். வரட்டும். தேர்ந்தெடுக்கிறதுன்னா என்னன்னு அவனுக்கும் ஒரு நாள் தெரியணும்ல."

அக்கா ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினார். எதிர்க்கடை மாஸ்டர் நல்லவர். ஆனால் வாயைப் பூட்டி வைக்கத் தெரியாதவர். சாப்பாட்டுக்கு நடுவே, "உங்க வீட்டம்மா ரிவர்ஸ் எடுக்குற அழகு இருக்கே" என்று ஆரம்பித்தால், அத்தனை பேர் முன்னால் கணவர் தலை கவிழும். அவர் வருவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலையே கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லு. அதுக்கு முன்னாடி இத மோந்து பாரு."

முகர்ந்தார்.

"என்ன வாசனை?"

"மர வாசனை."

"என்ன மரம்?"

"மர மரம்."

"இதான் உங்கிட்ட வேண்டாங்குறது. எதையும் கூர்ந்து பாக்க மாட்டேங்குற. சரி, என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் மறுபடியும் முயன்றார். "நான் கொஞ்ச நாளா சாயங்காலம் வெளிய போறேனே, கவனிச்சீங்களா?" என்று தொடங்கினார். "ஆமா, கதவை அடிக்கடி திறக்குற. ஈரக் காத்து உள்ள வருது, குச்சிக்கு ஆகாது" என்றார் மாஸ்டர். வெள்ளிக்கிழமை அக்கா தம்பிக்குப் போன் போட்டார்.

"நீயாவது சொல்லேன்டா."

"நானா? அடுப்பு குடுத்த பாவத்துக்கே வாரா வாரம் கடையில வந்து குறி போட்டுட்டுப் போறாரு. இதையும் சொன்னேன்னா என் நெத்தியில போட்டுடுவாரு. உன் புருஷன், நீயே பாத்துக்கோக்கா."

சனிக்கிழமை மாலை மாஸ்டர் டிரம்மைத் தூக்கிவந்து, பொறுக்கிய குச்சிகள் அத்தனையையும் அடுப்பின் தொட்டியில் கொட்டினார். முதல் நாளே தொட்டியில் போட்டு வைக்கக் கூடாது என்பது அவரே ஊருக்குச் சொல்லும் விதி. ஆனால் அக்காவுக்கு அரிசி டிரம் வேண்டியிருந்தது. தவிர, தொட்டி நிறைந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்க அவருக்கு ஆசை. ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. அணிவகுத்து நிற்கும் படை போல இருந்தது. மூடியைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து ஒரு தடவை பார்த்தார்.

ஞாயிறு காலை எழுந்ததும் வழக்கம்போல வண்டியைக் கழுவினார். பயிற்சி வண்டி நடத்துகிறவர்கள் காலையில் பல் விளக்க மறந்தாலும் வண்டி கழுவ மறக்கமாட்டார்கள். அழுக்கு வண்டியில் ஏற எந்த மாணவனும் வரமாட்டான். மாஸ்டரின் கை பல வருடங்களாக இதைச் செய்து செய்து, மனசைக் கேட்காமலே வேலை செய்யும் கையாகிவிட்டது. முகப்பு, கண்ணாடி, கதவுகள், பின்பக்கம், நான்கு சக்கரம். நான்காவது சக்கரத்துக்கு அடுத்தபடியாக, சக்கரம் வைத்து, கறுப்புப் பூச்சில் தூசி படிந்து, அடுப்பு நின்றது. கை நிற்கவில்லை. விருந்தாளிகள் வரும் நாள். பளிச்சென்று இருக்கட்டும் என்று குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, நீரைப் பீய்ச்சி, நுரை போட்டு, மூடியின் கீல் இடுக்கில் படிந்திருந்த தூசியைத் தனிக் கவனத்தோடு கழுவினார். வண்டி துடைக்கும் ஷாமி துணியால் துடைத்தார். வெயிலில் காய வைத்தார். அடுப்பு மின்னியது.

கோழிகளை மசாலா தடவி அக்கா தயாராக வைத்திருந்தார். மாஸ்டர் மின்சாரம் கொடுத்தார். திருகு உர்ரென்று முனகியது. பிறகு முக்கியது. பிறகு நின்றுவிட்டது.

மாஸ்டர் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தார். படை இல்லை. அணிவகுப்பு இல்லை. தேநீரில் விழுந்த பிஸ்கட் போலக் குச்சிகள் ஊதி, வெடித்து, ஒன்றோடொன்று கலந்து கஞ்சியாகிக் கிடந்தன. மூன்று மாதம் ஈரக் காற்றுக்கு மூடிய கதவுகள், அரிசி டிரம், முட்டி வலி எல்லாம் அந்தக் கஞ்சியில் இருந்தன.

அக்கா எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார். அடிபட்ட முகம் அது. திட்டக்கூட ஆள் கிடைக்காத முகம்.

மாஸ்டர் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், மூட்டை ஒண்ணு உடனே வேணும்."

"நீங்க பொறுக்கின பொக்கிஷம் என்னாச்சு மாமா?"

"கழுவிட்டேன்."

"எத?" என்று கேட்டார் மச்சான். "சரி விடுங்க. வந்து எடுத்துக்கோங்க. கடையில நான் ஒருத்தன்தான், விட்டுட்டு வர முடியாது."

மாஸ்டராலும் போக முடியாது. மரத்தூள் கஞ்சி திருகுக் குழாய்க்குள் இறுகினால் சிமெண்டுதான். காய்வதற்குள் கழற்றி வழித்தாக வேண்டும். அவர் கை ஏற்கெனவே முழங்கை வரை உள்ளே இருந்தது.

"ஏம்மா, ஒரு டாக்ஸி சொல்லிட்டு, நீ போயிட்டு வந்துடேன்."

அக்கா துணியால் கையைத் துடைத்தார். உள்ளே போனார். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியோடு வெளியே வந்தார்.

"டாக்ஸி எதுக்குங்க? வண்டி நிக்குதே."

"வண்டி நிக்குது. ஓட்டுறது யாரு?"

"நான்தான்."

மாஸ்டர் குழாய்க்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. "லைசென்ஸ்?" என்றார், சாலையில் நிற்கும் போலீஸ்காரர் போல.

"இருக்கு. வாங்கிட்டேன். நாலு நாளா சொல்லணும்னு பாக்குறேன், நீங்க மோந்து பாக்கச் சொல்லிட்டே இருக்கீங்க."

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"எதிர்க்கடையில."

மாஸ்டர் தெருவின் எதிர்ப்புறத்தைப் பார்த்தார். "ஏன், என்கிட்ட வந்திருக்கலாமே?"

"உங்ககிட்டதான் முதல்ல வந்தேன். காக்காவுக்கு பிரேக் போட்டீங்க." அக்கா வண்டியில் ஏறினார். "திட்டுறதா இருந்தா வந்ததுக்கு அப்புறம் திட்டுங்க. கோழி காத்துட்டிருக்கு."

அந்த வண்டி முதல் தடவையாக, மாஸ்டர் இல்லாமல் வாசலைத் தாண்டியது. தெருமுனையில் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியபடியே இருந்தது.

சங்கத்து ஆட்களில் முதலில் வந்தவர் எதிர்க்கடை மாஸ்டர். கேட்டுக்குள் நுழைந்தவர், நனைந்த தூள் அப்பிய கைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்தார். வண்டி நிற்கும் இடம் காலியாக இருப்பதையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைக்கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குழாயின் மறுமுனையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"இடிச்சாளா?" என்று கேட்டார் மாஸ்டர், நிமிராமல்.

"குப்பைத்தொட்டியையா? ஒரே ஒரு தடவ."

"நான் அப்பவே நெனச்சேன்."

"அதுக்கப்புறம் எதையும் இடிக்கல."

சுரண்டும் சத்தம்.

"நீங்க உங்க பக்கத்து பிரேக்க எத்தன தடவ போட்டீங்க?" மாஸ்டர் அவரை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்காதது போல இருந்தார்கள்.

"ஒரு தடவ போட்டேன். நாய் குறுக்க வந்துச்சு."

"அவளுக்குத் தெரியலையா நாய்?"

"தெரிஞ்சுது. எனக்கு முன்னாடியே அவங்க போட்டுட்டாங்க. என் கால் வீணா போய் மிதிச்சுது."

மாஸ்டர் திருகை வெளியே இழுத்தார். நிறைய இடுக்குகள். ஒவ்வொன்றாக வழித்தார். கழுவலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உலர்ந்த துணியால் துடைத்தார்.

திருகை மாட்டி முடிக்கையில் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா கேட்டுக்கு எதிரே நிறுத்தினார். மூட்டையை இறக்க வசதியாகப் பின்பக்கமாக உள்ளே வரத் தொடங்கினார். ஒருபுறம் கேட் தூண், மறுபுறம் அடுப்பு. நடுவில் வண்டிக்கென்று அளந்து விட்டது போல இடம். மாஸ்டர் எழுந்து நின்றார். கை தானாக உயர்ந்தது, நிறுத்து என்று சொல்ல. எதிர்க்கடை மாஸ்டர் அந்தக் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார். "இத கொஞ்சம் பிடிங்க."

வண்டி வந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல். தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. நின்றது. இன்ஜின் அணைந்தது.

அக்கா இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"அடியில தூள் பாத்தியா?" என்றார் மாஸ்டர். இவ்வளவு நேரம் யோசித்து வைத்திருந்த எல்லாக் கேள்விகளும் போய், வாயில் வந்தது இதுதான்.

"தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். தூள் இல்ல. ஒண்ண ஒடிச்சேன், சத்தம் வந்துச்சு. மோந்தேன், செண்டு வாசனை இல்ல. மேல மரத்தோட பேரு போட்டிருக்கு. எடுத்துட்டு வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? மூணு மாசமா நீங்க சொன்னதத்தானே செஞ்சேன். என்ன, நான் செஞ்சு முடிச்சுட்டேன்."

மூட்டையை இறக்கித் திருப்பினார்கள். அதன் மேல் பெரிதாக, கறுப்பாக, ஒரு பெருக்கல் குறி. கடைக்கு முதன்முதலாகப் போன அன்று போட்டது. மச்சான் தைத்த வாய் அப்படியே இருந்தது, ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு அக்கா பிரித்திருந்ததைத் தவிர.

மாஸ்டர் அந்தக் குறியைப் பார்த்தார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு குச்சியை எடுத்தார். ஒடித்தார். சத்தம் நன்றாகவே வந்தது. மூட்டையைத் தொட்டியில் கவிழ்த்தார். மின்சாரம் கொடுத்ததும் திருகு சுற்றியது. சிறிது நேரத்தில் முதல் புகை எழுந்தது.

சாப்பாடு தாமதமாகத்தான் ஆயிற்று. சங்கத்து ஆட்கள் ரொட்டியையும் பழத்தையும் தின்று பசியைத் தள்ளிப்போட்டார்கள். ஆனால் கோழி வந்தபோது யாரும் பேசவில்லை. சங்கத்தில் அது அபூர்வம். எலும்பைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் கேட்டார்:

"மாஸ்டர், பெல்லட் எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்று தொடங்கினார். தூள், மினுமினுப்பு, சத்தம், மணம் என்று விரிவாகச் சொன்னார். நீளத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காலி மூட்டை சுவரோரம் கிடந்தது, குறி உள்பக்கம் இருக்கும்படி மடித்து. மடித்தது யார் என்று அக்காவுக்குத் தெரியும். எதிர்க்கடை மாஸ்டர் இன்னொரு துண்டை எடுத்துத் தன் வாயை அடைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சிரமப்பட்டு எதையும் மென்றதில்லை.

விருந்தினர் போனபின் அக்கா இரண்டு டப்பாக்களில் கோழியை எடுத்து வைத்தார்.

"தங்கச்சி வீட்டுல குடுத்துட்டு வரேன்."

"அவ வீடு புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம்ல?"

"அங்கதான் இருக்கு. மாத்திட்டுப் போகல."

"அங்க லாரி வரும்."

"வரட்டும். அதுக்கும் ரோடு போட்டிருக்காங்க."

மாஸ்டர் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்ப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தார். "நானும் வரேன். தனியா எதுக்கு."

"வாங்க. ஆனா அந்த பிரேக்குல கால் படக் கூடாது. பட்டுச்சுன்னா நான் இறங்கி நடக்க மாட்டேன். உங்களத்தான் இறக்கி விடுவேன்."

மாஸ்டர் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். காலைக் கீழே வைத்துப் பார்த்தார். அது நேராக மிதியைத் தேடிப் போயிற்று. பின்னால் இழுத்துப் பார்த்தார், மறுபடியும் போயிற்று. அவர் என்ன செய்ய, இத்தனை வருடப் பழக்கம். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் கோழி டப்பாக்கள்.

"சாப்பிட உக்காந்த மாதிரி இருக்கு," என்றார் அக்கா.

"நீ ரோட்ட பாரு."

தெருமுனை தாண்டி, சிக்னல் தாண்டி, புறவழிச் சாலையில் ஏறியதும் அக்கா மூன்றாவது கியர் போட்டார். பிறகு நான்காவது. மாஸ்டர் தன் கால் கட்டைவிரல்களை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் ஒரு காகம் சாலையைக் கடந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.